குஞ்சத்தை எண்ணினால் பதவி தெரியும்

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்களின் முகத்தைத் தலைக்கவசம் மறைத்தது. களத்தில் ஆளை அடையாளம் காணக் கேடயத்தில் சின்னம் தீட்டும் வழக்கம் பரவியது. கத்தோலிக்கத் திருச்சபையும் அதை ஏற்றது. ஆனால் ஆயர் போருக்குப் போகிறவர் அல்லர். ஆகவே அவரது கேடயத்தின் மேல் தலைக்கவசத்துக்குப் பதிலாக அகன்ற விளிம்புத் தொப்பி அமர்ந்தது.

அந்தத் தொப்பியிலிருந்து தொங்கும் குஞ்சங்களே பதவியைச் சொல்கின்றன. பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு 6 குஞ்சங்களும் இருந்தால் ஆயர். 10 இருந்தால் பேராயர். சிவப்புத் தொப்பியும் பக்கத்துக்கு 15 குஞ்சங்களும் கர்தினாலுக்கு உரியவை. கேடயத்தின் பின்னே நிற்கும் சிலுவையிலும் ஆயருக்குக் குறுக்குச் சட்டம் ஒன்று, பேராயருக்கு இரண்டு.

வெளியே இருப்பது பதவி என்றால், கேடயத்துக்குள் இருப்பது மனிதர். 1977-இல் ஜெர்மனியின் மியூனிக்-ஃப்ரைசிங் பேராயரான ஜோசப் ராட்சிங்கரின் கேடயத்தைப் பாருங்கள். அதில் முடிசூடிய கறுப்பின மனிதரின் தலை இருக்கிறது. அது ஃப்ரைசிங் ஆயர்களின் பழைய அடையாளம். அடுத்தது சிப்பி. கடலைச் சிப்பியால் மொண்டு மணற்குழியில் ஊற்ற முயன்ற சிறுவனைப் புனித அகுஸ்தினார் கண்டார் என்பது மரபுக்கதை. கடவுள் நம் அறிவுக்குள் அடங்கமாட்டார் என்பது அதன் பொருள். ராட்சிங்கர் முனைவர் பட்ட ஆய்வு செய்ததே அகுஸ்தினாரைப் பற்றித்தான்.

மூன்றாவது, மூட்டை சுமக்கும் கரடி. ரோமுக்குப் போன ஃப்ரைசிங்கின் புனித கோர்பினியனின் குதிரையைக் கரடி கொன்றுவிட, அவர் சுமையை அதன் முதுகிலேயே ஏற்றினாராம். ரோமை அடைந்ததும் கரடி விடுதலை பெற்றது. பின்னாளில் ரோமுக்குப் பணிக்கு வந்த ராட்சிங்கர், தன் சுமையோ அங்கு வந்த பிறகும் இறங்கவில்லை என்று தன்வரலாற்று நூலில் எழுதினார்.

பேராயரான அடுத்த மாதமே அவர் கர்தினாலானார். பச்சைத் தொப்பி சிவப்பானது. 2005-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆனபோது தொப்பியே போய், பேதுருவின் திறவுகோல்கள் வந்தன. கரடியும் சிப்பியும் முடிசூடிய தலையும் கடைசிவரை அவருடன் இருந்தன.

நம்மூர் ஆயரில்லச் சுற்றுமடல்களின் தலைப்பிலும் இத்தகைய சின்னம் உண்டு. அடுத்த முறை கையில் கிடைத்தால் முதலில் குஞ்சங்களை எண்ணுங்கள். பிறகு கேடயத்துக்குள் பாருங்கள். ஆயர் எந்த மண்ணை, எந்தப் புனிதரை, எந்த நம்பிக்கையைத் தன்னோடு சுமக்கிறார் என்பது அங்கே இருக்கும்.