சம்பளச் சீட்டில் ஒரு வரி: கூட்டுறவுச் சங்கங்கள் சேவையைப் பகிர்வது எப்படி?

அரசாங்க ஆசிரியர்கள் பலருடைய சம்பளச் சீட்டில், பிடித்தங்கள் பகுதியில் ‘பிரோ அங்காசா’ என்று ஒரு வரி இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீங்க. கடன் கொடுத்தது ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கம். பணம் பிடிப்பதோ அங்காசா வழியாக. ஏன் இந்தச் சுற்று வழி?

ஐந்நூறு பேர் உள்ள ஒரு சிறிய கடன் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் பல பள்ளிகளில் சிதறியிருப்பார்கள். மாதாமாதம் ஒவ்வொருவரிடமும் தவணை வசூலிக்க ஆள் வேண்டும், கணினி வேண்டும், கணக்காளர் வேண்டும். வருகிற வட்டி அந்தச் செலவுக்கே போய்விடும். ஆகவே சங்கங்கள் சேர்ந்து ஒரே வசூல் வழியை வைத்துக்கொண்டன. 1971-இல் அமைந்த அங்காசா, மலேசியக் கூட்டுறவுச் சங்கங்களின் தேசிய அமைப்பு. சங்கங்கள் அனுப்பும் பட்டியல்களை அது ஒன்றாக்குகிறது. சம்பளம் போடும் இலாகா பணத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அங்காசா ஒரு சேவைக் கட்டணம் எடுத்துக்கொண்டு அந்தந்தச் சங்கத்துக்குப் பிரித்து அனுப்புகிறது.

இது புது யோசனை இல்லை. பங்சாரிலிருந்து திராவர்ஸ் சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் பேங்க் ராக்யாட் இரட்டைக் கோபுரம் கண்ணில் படும். 1954-இல் ‘பேங்க் அகோங்’ என்ற பெயரில் தொடங்கியபோது அது கூட்டுறவு வங்கிச் சங்கங்களின் பொது வங்கி. இன்றும் அது கூட்டுறவுதான். ஆனால் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இருக்கிறது. 1956-இல் கூட்டுறவுக் கல்லூரியாகத் தொடங்கிய பயிற்சி நிலையம் பெட்டாலிங் ஜெயாவில் உள்ளது. சங்கங்கள் தங்கள் இலாபத்தில் ஒரு பங்கைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. பயிற்சியும் இப்படித்தான் பொதுவானது.

தேர்வு எழுதும் மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் (சட்டம் 502) படிநிலைகளை வகுத்திருக்கிறது. தனிநபர்கள் சேர்ந்தது கொப்பராசி அசாஸ். அச்சங்கங்கள் சேர்ந்தது கொப்பராசி மெனெங்கா. அதற்கும் மேல் கொப்பராசி அத்தாசான். சேவையைப் பகிர்வதற்குச் சட்டம் தரும் ஏணி இது. “ஒருவருக்கு ஒரு ஓட்டு” என்பதோடு விடையை நிறுத்திவிடாமல் இதையும் எழுதினால் விடை கனமாகும்.

சரி, இவ்வளவு கண்காணிப்பு எதற்கு? 1986-ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வைப்புத்தொகை வாங்கிய சங்கங்கள் அந்தப் பணத்தை நிலத்திலும் பங்குகளிலும் போட்டன. சந்தை சரிந்தது. ஒரு பெரிய சங்கம் தடுமாறியதும் மற்றவற்றிலும் மக்கள் பணம் எடுக்க ஓடினார்கள். 24 சங்கங்கள் முடக்கப்பட்டன; 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. பிறகு 1993 சட்டம் வந்தது, 2008-இல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் (எஸ்.கே.எம்.) செயல்படத் தொடங்கியது.

என் பார்வையில், வசூலைப் பகிரலாம், கணினியைப் பகிரலாம், பயிற்சியைப் பகிரலாம். இவருக்குக் கடன் கொடுக்கலாமா என்ற முடிவை மட்டும் பகிர முடியாது. சம்பளத்திலேயே பிடித்துவிடலாம் என்ற தைரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தால், சங்கம் தப்பிக்கும். ஆசிரியர் வீட்டு அடுப்புதான் அணையும். அதனால்தான் அரசு ஊழியரின் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி. தனிநபர் கடனுக்குப் பத்தாண்டுக்கு மேல் தவணை கூடாது என்று 2013-இல் வந்த கட்டுப்பாடு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். மீதி 40 விழுக்காட்டில் குடும்பம் நடத்துவது எப்படி என்று விதி சொல்லாது, அது வேறு கதை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பி.ஐ.டி.எம். காப்பீடு உறுப்பு வங்கிகளில் உள்ள வைப்புக்குத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக மட்டும் போகாதீங்க. கணக்கறிக்கையைப் புரட்டி, வசூலாகாத கடன் எவ்வளவு, பகிர்ந்த சேவைகளுக்குக் கட்டணம் எவ்வளவு, சங்கத்தின் பணம் எதில் முதலீடாகியிருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். கேட்கும் உரிமை ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு.