ஆசிரியரை நம்பும் ஊர்

ஊரிலிருந்து யார் போனில் பேசினாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "பின்லாந்துல பரீட்சையே கிடையாதாமே? வீட்டுப்பாடமும் இல்லையாமே?" என் மகன் பின்லாந்தின் நடுவே, ஏரிக்கரையில் இருக்கும் யுவாஸ்குலா நகரில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு வீட்டுப்பாடம் உண்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தேர்வும் உண்டு, வகுப்பாசிரியையே கேள்வித்தாள் தயாரித்து வைக்கிறார். நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதும் பொதுத்தேர்வு மட்டும் இப்போது கிடையாது. மேல்நிலைப் படிப்பு முடியும்போது ஒரே ஒரு முறைதான் அது வரும். அதுவரை ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று சொல்லும் பொறுப்பு ஆசிரியருடையது. 1990-களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையையும் இங்கே எடுத்துவிட்டார்கள்.

இப்படியொரு நம்பிக்கையை ஓர் அரசு சும்மா வைத்துவிடாது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆவதற்கும் 1979 முதல் முதுகலைப் பட்டம் வேண்டும். ஐந்து வருடப் படிப்பு, ஆய்வேடும் எழுத வேண்டும். விண்ணப்பித்த பத்துப் பேரில் ஒருவருக்கே இடம் கிடைத்த நிலை பல ஆண்டுகள் இருந்தது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் அந்தப் படிப்பில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி உண்டு. அங்கே பின்னம் நடத்தப் போகும் முந்தைய நாள், எங்கள் சமையலறை மேசையில் காகிதத்தை வெட்டி வெட்டிப் பாடத்தைத் தயார் செய்தாள். மறுநாள் அவள் பாடம் நடத்த, வழிகாட்டி ஆசிரியர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். பாடம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஜன்னல் ஓரத்துப் பையன் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?" அவளுக்கு அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை. நாட்டில் எந்த மூலையில் வேலைக்குப் போகிறவரும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தேடிப் பழகித்தான் போகிறார்.

இந்தப் பயிற்சியின் வேர் எங்கள் ஊரில் இருப்பதில் எனக்குத் தனிப் பெருமை. படித்தவர்களின் மொழி ஸ்வீடிஷாக இருந்த காலத்தில், பின்னிஷ் மொழியில் ஆசிரியர்களை உருவாக்கும் முதல் பயிற்சிக் கல்லூரி 1863-ல் யுவாஸ்குலாவில் தொடங்கியது. ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதை நிறுவிய ஊனோ சிக்னேயுஸ் ஒரு பாதிரியார். குழந்தை கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். 1866-ல் வந்த தொடக்கப்பள்ளி ஆணையில் கைத்தொழில் பாடம் இடம்பிடித்ததற்கு அவரே காரணம்.

பெற்றோரை அழைத்திருந்த ஒரு நாளில் அந்த வகுப்பைப் பார்த்தேன். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதமில்லாமல் எல்லாரும் மரவேலையும் தையலும் கற்கிறார்கள். என் மகன் குருவிக்கூண்டு செய்துகொண்டிருந்தான். பட்டாணிக் குருவி நுழைய 32 மில்லிமீட்டர் துளை வேண்டும் என்று அவன் வரைபடத்தில் எழுதியிருந்தது. துளை சரியாக வந்துவிட்டது, பக்கப் பலகை மட்டும் பொருந்தவில்லை. ஆசிரியர் பலகையைத் தொடவே இல்லை. அவன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, "எங்கே இடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவன் அளவுகோலை எடுத்தான், வரைபடத்தைப் பார்த்தான், மறுபடி அளந்தான். பலகையின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது அவனுக்கே பிடிபட்டது. அதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

முதல் வகுப்பில் அவன் எழுத்துக்கூட்டித் திணறினான். அப்போதிருந்த ஆசிரியை சில வாரங்களிலேயே அதைக் கவனித்து, சிறப்பாசிரியரிடம் சொன்னார். வாரத்தில் சில பாடவேளைகள் மூன்று நான்கு பிள்ளைகளோடு தனியறையில் உட்கார்ந்து படித்தான். அவனோடு போன யாரையும் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததில்லை, ஏனென்றால் ஏதாவதொரு கட்டத்தில் பல பிள்ளைகள் அந்த அறைக்குப் போய் வருகிறார்கள். காதில் கேட்கும் ஒலிக்குரிய எழுத்தைத் திரையில் பிடிக்கும் 'எக்காபெலி' விளையாட்டையும் அங்கேதான் பழகினான். வாசிப்புக் குறைபாட்டை ஆராய்ந்த ஹெய்க்கி லூட்டினென் என்ற பேராசிரியரின் குழு இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது அது. "வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், தமிழ்க் கதை படித்துக் காட்டுங்கள், அது இங்கேயும் உதவும்" என்று அந்தச் சிறப்பாசிரியர் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

இங்கே எல்லாம் சிறப்பாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பீசா என்னும் பன்னாட்டு மதிப்பீட்டில் 2006-ல் கணிதத்தில் 548 புள்ளி எடுத்த நாடு, 2022-ல் 484-க்கு இறங்கிவிட்டது. ஆசிரியர்கள் இதை மறைப்பதில்லை. புத்தகம் வாசிப்பது குறைந்ததையும் கைபேசி கவனத்தைத் தின்பதையும் பெற்றோர் கூட்டங்களில் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். பாடவேளையில் கைபேசியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மதிப்பெண் சரிந்தபோதும் ஆசிரியர் தலையில் மேலும் தேர்வுகளைக் கட்டிவிடாமல் இருக்கிறார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்லாந்துப் பள்ளிகளைப் பார்க்க நம் பக்கத்திலிருந்தும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் வருகிறார்கள். வண்ண நாற்காலிகளையும் விளையாட்டுத் திடலையும் படம் எடுத்துப் போகட்டும், தவறில்லை. ஒரு நாளையாவது பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். பயிற்சி மாணவி பாடம் நடத்தி முடித்தபின், வழிகாட்டி ஆசிரியர் அவளோடு பேசும் நேரத்தில் அனுமதி கேட்டு உடன் உட்காருங்கள். நம் ஊருக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த உரையாடல்தான், அதற்குப் பெரிய செலவும் இல்லை.