வெள்ளையடித்தால் மறையுமா?

“யார் ஆணையிட்டது?”

சுவரில் எழுதிய கேள்வி இவ்வளவுதான். எழுதிய இடம், கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா. அதிலும் இராணுவப் பயிற்சிப் பள்ளியின் அருகே! காலம், 2019 அக்டோபர். கேள்வியோடு ஐந்து இராணுவ அதிகாரிகளின் முகங்கள். 5,763 என்றோர் எண். வண்ணம் உலர்வதற்குள் சீருடையினர் வந்தனர், வெள்ளையடித்தனர், சென்றனர்.

சுவரெழுத்தென்றால் என்ன, அதை அழிக்கும் அவசரமென்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அரசுப் படை, ஃபார்க் என்னும் கிளர்ச்சிப் படை, நிலக்கிழார்களும் கஞ்சா, கோக்கைன் முதலாளிகளும் தீனி போட்டு வளர்த்த கூலிப்படை என முத்தரப்பும் அரை நூற்றாண்டுக்கு மேல் மோதிய நாடு கொலம்பியா. 1985 முதல் 2018 வரை கொல்லப்பட்டோர் 4,50,664 பேர் என்று அந்நாட்டின் உண்மையறியும் ஆணைக்குழு 2022-ல் அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டறியாத குடிமக்கள்.

இந்தப் போரில் யார் வெல்கிறார்கள் என்று காட்ட, இராணுவத்துக்குப் பிணக்கணக்கு தேவைப்பட்டது. கணக்குக் காட்டியவனுக்கு விடுப்பு, பணம், பதக்கம், பதவி உயர்வு. கணக்குக்கு ஆள் கிடைக்காதபோது என்ன செய்தனர்? தலைநகரை அடுத்த சொவாச்சா என்ற ஏழை ஊரின் இளைஞர்களுக்கு வேலை தருவதாக ஆசை காட்டி, நெடுந்தொலைவிலுள்ள ஒக்கான்யா பகுதிக்குக் கொண்டுபோய்ச் சுட்டனர். பிணத்துக்குக் கிளர்ச்சிக்காரன் உடையும் ரப்பர் பூட்ஸும் மாட்டி, “போரில் வீழ்ந்த பகைவன்” என்று பதிந்தனர். 2008-ல் இது அம்பலமாயிற்று. ஓர் ஊரோடு நின்ற கொடுமையுமன்று. 2002 முதல் 2008 வரை இப்படி மாண்டோர் குறைந்தது 6,402 பேர் என்று, அமைதி உடன்படிக்கையின்படி அமைந்த தனி நீதிமன்றம் 2021-ல் அறிவித்தது. சுவரில் எழுதியவர்கள் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே எழுதியிருந்தார்கள்!

வெள்ளையடித்தார்களே, பலன் என்ன? அழிக்கப்பட்ட ஓவியத்தின் படம் கைக்குக் கை மாறிற்று, சட்டையில் ஏறிற்று, ஊரூராகச் சுவர்களில் ஒட்டப்பட்டது. முகம் தீட்டப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் தம் மானம் போயிற்றென்று வழக்காடினார். கீழ் நீதிமன்றம் ஓவியத்தை நீக்கச் சொன்னது. 2021-ல் அரசியற்சட்ட நீதிமன்றமோ, அது மக்களின் கருத்துரிமை என்று தீர்ப்பளித்தது.

“போர் முடிந்தது, உடன்படிக்கை 2016-லேயே கையெழுத்தாயிற்று, பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?” என்று கேட்போர் அங்கும் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்போரும் அவர்களில் இருக்கலாம். அவர்களை நாம் ஒன்று கேட்போம். பொகோட்டாவில் ‘துணுக்குகள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கூடம் உண்டு, 2018-ல் திறக்கப்பட்டது. ஃபார்க் ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கி, 37 டன் உலோகத்தைத் தரையாக வார்த்திருக்கிறார் டோரிஸ் சால்சேடோ என்னும் சிற்பி. அந்தத் தரைக்கு வார்ப்பு அமைக்கத் தகடுகளைச் சம்மட்டியால் அடித்தவர்கள், போரிலே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள். நினைவுத்தூண் எழுப்பி அண்ணாந்து பார்க்கச் செய்யவில்லை அச்சிற்பி. காலடியில் போட்டு மிதிக்க வைத்தார். அருமையான படைப்பு! கிளர்ச்சிப் படையின் கையும் தூய கையன்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடத்திய கை. அதன் துப்பாக்கி மிதிபடட்டும் என்றே நாமும் சொல்வோம்.

ஆனால், கிளர்ச்சிக்காரனின் துப்பாக்கியைத் தரையாக்கினால் கலை, அரசின் துப்பாக்கியைப் பற்றிச் சுவரில் கேட்டால் கலகமா? தரைக்குத் திறப்பு விழா, சுவருக்குச் சுண்ணாம்பு வாளியா? புண்ணைக் கிளறுவது குற்றமென்றால் இரண்டும் குற்றமாகட்டும். இல்லையேல் சுவரையும் விட்டு வையுங்கள்!

மெதெயின் நகரத்துக் கதை இதைவிடத் துலக்கமானது. கட்டட இடிபாடு கொட்டும் மேடு ஒன்று அங்கே உண்டு. “எங்கள் பிள்ளைகளை அதற்கடியில்தான் புதைத்தார்கள்” என்று தாய்மார் இருபது ஆண்டுகளுக்கு மேல் கதறினர். கிழவிகளின் பிதற்றல் என்றனர் ஆளவந்தார். 2024 டிசம்பரில் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அடுத்த மாதம் இளைஞர்கள் சுவரில் எழுதினார்கள்: “கிழவிகள் சொன்னதே உண்மை.” நகராட்சி அதை அழித்தது, ஊரை அழுக்காக்குகிறார்களாம்! சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு மறுபடி எழுதினர். பிற நகரங்களிலும் அதே வாசகம் முளைத்தது.

இப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் 2022 ஏப்ரலில் ஒக்கான்யாவிலேயே ஒரு நாள் வந்தது. தனி நீதிமன்றத்தின் முன், கொன்ற இராணுவத்தினர் எழுந்து நின்று, எதிரே அமர்ந்த தாய்மாரிடம், “உங்கள் மகன் கிளர்ச்சிக்காரனல்லன்” என்று ஒப்புக்கொண்டனர். அந்தச் சொல்லுக்காகத்தான் அவர்கள் பதினான்கு ஆண்டு அலைந்தது. 2023 அக்டோபரில் பொகோட்டாவின் பெருஞ்சதுக்கத்தில் அரசே மன்னிப்புக் கேட்டது.

எல்லாம் முடிந்ததா? சொவாச்சாத் தாய்மார், பிள்ளைகளின் பிணத்துக்கு மாட்டப்பட்டதைப் போன்ற ரப்பர் பூட்ஸ்களுக்கு வண்ணம் தீட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். ஒற்றைச் சிலம்போடு அரசவை புகுந்தவளைப் படித்த நமக்கு அதன் பொருள் புரியும். 2024 நவம்பரில், நாடாளுமன்றத்தின் வாசலில் வைத்திருந்த அந்த பூட்ஸ்களை, மக்கள் பிரதிநிதி ஒருவர் தம் கையாலேயே அள்ளிக் குப்பைப் பையில் போட்டார். அரசு மன்னிப்புக் கேட்டு அப்போது ஓராண்டும் ஒரு மாதமுமே ஆகியிருந்தன.