விட மனமில்லையா, விட முடியவில்லையா?

மூச்சுத் திணறலோடு ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மூன்றாம் நாள் சற்றுத் தேறியதும், "கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்" என்று படியிறங்குகிறார். திரும்பி வரும்போது சட்டையில் பீடி நாற்றம். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "அப்பாவுக்கு எங்களைப் பற்றிய கவலையே இல்லை, டாக்டர்" என்கிறார் மகன். தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. மகனின் கோபம் நியாயமானதே. அவர் கருதும் காரணம்தான் பெரும்பாலும் தவறு.

புகைபிடிப்பவரைப் பற்றி நாங்கள் இரண்டு செய்திகளைத் தனித்தனியே அறிய விரும்புகிறோம். அவருடைய உடல் நிகோடினுக்கு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. விடுவதற்கு அவர் மனம் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பது மற்றொன்று. வீட்டில் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. விடாதவர் விட விரும்பாதவர் என்று முடிவுகட்டப்படுகிறது.

முதலில் உடலைப் பார்ப்போம். புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டி, அங்குள்ள ஏற்பிகளில் பொருந்தி, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. சிறிது நேரம் ஒரு தெளிவும் நிம்மதியும் தோன்றுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. பெருகியவை ஒவ்வொரு நாளும் தம் பங்கைக் கேட்கின்றன. இரத்தத்தில் நிகோடினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஆகவே இரவு முழுதும் உறங்கி எழுபவரின் உடலில் அது மிகவும் குறைந்திருக்கும். எரிச்சல், பதற்றம், எதிலும் மனம் பதியாமை எல்லாம் அந்த நேரத்தில் கூடுகின்றன. முதல் பீடியால் அவை அடங்குகின்றன. "பீடி பிடித்தால்தான் எனக்கு வேலை ஓடும்" என்று அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் பீடி ஆற்றும் அந்தத் தவிப்பில் பெரும்பகுதி முந்தைய பீடி விட்டுச் சென்றதே.

இதனால்தான், "ஒரு நாளைக்கு எத்தனை?" என்பதைவிட, "எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி?" என்னும் கேள்விக்கு நாங்கள் அதிக மதிப்புத் தருகிறோம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம் வகுத்து, 1991இல் திருத்தியமைக்கப்பட்ட ஆறு கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. எழுந்த 5 நிமிடத்திற்குள் பற்றவைப்பவருக்கு அதில் 3 மதிப்பெண். ஒரு மணி நேரத்திற்குமேல் பொறுப்பவருக்குச் சுழியம். மொத்தம் 10. கூடக்கூட அடிமைத்தனமும் கூடுதல் என்று பொருள். அக்கேள்விகளுள் ஒன்று, நோயுற்றுப் பகலின் பெரும்பகுதி படுத்தே கிடக்கும்போதும் புகைபிடிப்பீர்களா என்பது. படியிறங்கிச் சென்ற தந்தை தம்மையறியாமலேயே அதற்கு விடை சொல்லிவிட்டார். குடும்பத்தைப் பற்றிய அக்கறை அந்த விடையில் எங்கும் இல்லை.

இடையில் பீடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "சிகரெட் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பவர் பலர், "பீடி?" என்று கேட்டால்தான் தலையசைப்பார்கள். பீடியில் தூள் குறைவு, ஆகவே தீங்கும் குறைவு என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இலையில் சுற்றப்பட்ட பீடி எளிதில் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமலே உள்ளே செல்கின்றன.

இனி மனத்தைப் பார்ப்போம். புகைபிடிப்பவர்களை ஆராய்ந்த புரோசாஸ்கா, டிகிளமெண்டி என்ற அமெரிக்க உளவியலாளர்கள், விடுதல் என்பது ஒரே நாளில் எடுக்கும் முடிவன்று, படிகளாக நிகழ்வது என்று 1983இல் எழுதினார்கள். விடும் எண்ணமே இல்லாத நிலை, ஆறு மாதத்திற்குள் விடலாம் என்று எண்ணும் நிலை, ஒரு மாதத்திற்குள் என்று நாள் குறிக்கும் நிலை, விட்ட நிலை, விட்டதைக் காக்கும் நிலை. ஒருவர் இப்படிகளில் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. விடும் எண்ணம் நாம் நினைப்பதுபோல அரிதானதும் அன்று. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைபிடிப்போரில் 55 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டோ எண்ணியோ இருந்தனர். 38 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்திருந்தனர்.

முயன்றவர் ஏன் தோற்கிறார்? எந்த உதவியுமின்றி, மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களுள் ஆறு மாதம் கடந்தும் புகையின்றி இருப்போர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே. ஆயத்தம் முழுதாக இருந்தும் அடிமைத்தனம் மிகுந்திருப்பவர்தான் எங்கள் கவலைக்கு முதன்மையானவர். அவர் கோயிலில் சத்தியம் செய்கிறார், மூன்றாம் நாள் முறிக்கிறார், வீட்டார் ஏளனம் செய்கிறார்கள். ஒருசில முறை இப்படி நேர்ந்தபின் தம்மால் முடியாது என்று அவரே நம்பிவிடுகிறார். இவருக்குத் தேவை அறிவுரை அன்று, மருந்து. மாறாக, நாளுக்கு இரண்டே சிகரெட், அதுவும் மாலையில் தேநீர்க்கடையில் நண்பர்களோடு, ஆனால் விடும் எண்ணமில்லை என்பவருக்கு மருந்தால் பயன் குறைவு. அவரோடு பேசத்தான் வேண்டும்.

எப்படிப் பேசுவது? நாங்கள் கையாளும் முறையை வீட்டிலும் முயலலாம். "விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் 4 என்றால், "ஏன் 10 இல்லை?" என்று கேட்டுவிடாதீர்கள்; அது வாதத்தில் முடியும். "ஏன் 1 என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். பேத்தி பக்கத்தில் வருவதில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை என்று காரணங்கள் அவர் வாயிலிருந்தே வரும். நாம் சொல்லும் நூறு காரணங்களைவிட அவை வலியவை.

இதை நாங்கள் இவ்வூரிலிருந்து வலியுறுத்தக் காரணம் உண்டு. காசநோய்க்கு மருந்தே இல்லாத 1928ஆம் ஆண்டில், தூய காற்றும் ஓய்வுமே சிகிச்சை என்ற நிலையில், டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியத்தை நிறுவினார். ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. காசநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை அழுத்தமாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்றும் நம் பகுதியில் நடந்ததே. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அவர்களுடைய வீடுகளில் கேட்டறிந்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டு, சென்னை ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் 2003இல் 'லான்செட்' இதழில் எழுதினர். காசநோயால் இறக்கும் அபாயம் புகைபிடித்தோருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம் நடக்கிறது. அந்த ஆறு மாதமும் நோயாளி எங்களைத் தொடர்ந்து சந்திக்கிறார். விடுவதற்கு அதைவிட நல்ல காலம் வாய்ப்பது அரிது.

விட்டபின் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்நாட்களில் அவர் காரணமின்றிச் சினப்பார், உறக்கம் கெடும், பசி மிகும், மலச்சிக்கல் வரும். "பீடி இல்லாமல் காலைக்கடன் கழியாது" என்பவருக்கு இது பெரிய தடை. தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டிக் கொடுங்கள். சிலருக்கு இருமல் முன்னைவிடச் சற்று அதிகமாகும். புகையால் செயலிழந்திருந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மீண்டும் சளியை வெளித்தள்ளத் தொடங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். "விட்டதும் இருமல் கூடிவிட்டது" என்று திரும்பப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஆனால் சளியில் இரத்தம் வந்தாலோ இருமல் நீடித்தாலோ காத்திராமல் வந்துவிடுங்கள்.

நிகோடின் சூயிங்கத்தில் 2 மில்லிகிராம் வகை மருந்துச்சீட்டின்றியே கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு மருத்துவர் எழுதித் தர வேண்டும். இதை மிட்டாய்போல் மென்று விழுங்கினால் வயிறு எரியும், பயனும் இராது. காரச்சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி, சுவை அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்கு முந்தைய கால் மணி நேரம் காப்பி குடிக்கலாகாது. புப்ரோபியான், வரெனிக்ளின் மாத்திரைகளை மருத்துவர் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். வலிப்பு நோயோ அண்மையில் மாரடைப்போ வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ நுரையீரல் அடைப்பு நோய்க்கோ தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவர் புகையை நிறுத்தியதும் அம்மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். அளவைக் குறைக்க நேரிடலாம் என்பதால் விட்ட நாளை எங்களிடம் தெரிவியுங்கள். பீடியை விட்டு, உதட்டுக்கடியில் புகையிலை வைத்துக்கொள்வது விடுதலாகாது. நிகோடின் அதிலும் இருக்கிறது, வாய்ப்புற்றுநோயின் அபாயமும் சேர்கிறது.

1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளில் அச்சிடப்படுகிறது. பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக வாங்குபவர் உறையையே பார்ப்பதில்லை என்பதால் இங்கும் தருகிறோம். தமிழிலும் பேசலாம்.

விட்டவர் ஒரு நாள் ஒன்று பிடித்துவிட்டால், எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அந்தக் குறிப்போடு வேறு இரண்டையும் எழுதி வாருங்கள்: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, 10க்கு எத்தனை என்று அவர் சொன்னார். அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.