நொதி அறிந்த மருத்துவம்

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பிழைத்தோரைக் காக்கக் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் போராடின. அப்போராட்டத்தின் களம் ஒரு நொதி.

மெத்தனால் தன்னளவில் பெருநஞ்சன்று. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி அதனைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அதைப் பார்மிக் அமிலமாக்குகிறது. இந்த அமிலமே குருதியைக் கெடுத்து, உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்தவொட்டாமல் தடுத்து, பார்வை நரம்பை எரிக்கிறது. இம்மாற்றத்துக்குச் சில மணி நேரமாகும். மருத்துவர்க்கு வாய்க்கும் காலம் அதுவே. ஃபோமெப்பிசோல் என்னும் மருந்து முதல் நொதியை முடக்குகிறது. மெத்தனால் நஞ்சாக மாறாமலே டயாலிசிஸ் வழியாக வெளியேற்றப்படுகிறது. நொதியின் இயல்பை ஆராய்ந்தறிந்ததால் கிடைத்த மாற்றுமருந்து இது.

இங்கே நொதியின் செயல் உயிருக்கு ஊறு. வேறோரிடத்தில் நொதியின் குறைவே ஊறு. அறுவை மருத்துவத்தில் மூச்சுக்குழாய் பொருத்துமுன் தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் தருவார்கள். பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்நொதியை ஆக்கும் மரபணு பழுதுற்றோர்க்கு மூச்சுத்தசைகள் மணிக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கும். ஆரிய வைசியச் சமூகத்தில் இக்குறைபாடு மிகுதி என்பதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்தால் போதும், தீங்கில்லை.

இத்தகைய குறைபாடு ஒரு குழுவில் செறிவதற்குக் காரணம், சில முன்னோரிடமிருந்து பெருகித் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்துவந்த அகமண வழக்கம். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் பங்கேற்று 2017-இல் வெளிவந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களில் சில முன்னோரிடமிருந்து பெருகியதன் இத்தாக்கம் பின்லாந்து மக்களினும் அசுகெனாசி யூதரினும் வலிது எனக் கண்டது. 2025 சனவரியில் சீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேருடைய மரபணுத்தொகைத் தரவுகள் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. அவை பரிதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் காக்கப்படுகின்றன.

தரவு சேர்வது தொடக்கமே. அது நோயாளியின் படுக்கைவரை வரவேண்டும். இத்தரவு பற்றிய இணையவழிக் கருத்தரங்குகளில் ஆய்வாளருக்கு இணையாக மாவட்ட மருத்துவரும் அமர்ந்து, தம் நோயாளிகளைப் பற்றி வினவ வேண்டும். கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில் ஒருவரிடம் குருதி பெறுமுன், அது எதற்கென்று அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி இசைவு பெறவேண்டும். அவர் அடையாளம் காக்கப்படவேண்டும். அறிந்த முடிவு அவருக்கே திரும்பவேண்டும். மயக்கமருந்து தருமுன், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதா?" என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் கேட்டுப் பதிவு செய்யட்டும். பணச்செலவில்லாத இவ்வினாவை நாளையே கேட்கத் தொடங்கலாம்.