ஒற்றைக் கையும் நெடுந்தொலைவும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு, ஓடுவோருக்கு இயற்கை அளித்த நகரம். அதன் மிதமான குளிர்ச்சியில் விடியற்பொழுதே கப்பன் பூங்காவும் லால்பாகும் ஓட்டக்காரர்களால் நிறைந்துவிடுகின்றன. வார இறுதிகளில் நந்தி மலைச் சாலையில் மிதிவண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. 2008ஆம் ஆண்டு முதல் இந்நகரில் நடைபெற்றுவரும் உலகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு.

இத்தகைய போட்டிகளில் சக்கர நாற்காலியில் வருவோரையும் செயற்கைக் காலுடன் ஓடுவோரையும் காணும்போது அவர்களுடைய முயற்சியின் அருமை நமக்கு உடனே விளங்குகிறது. ஆனால், ஒரு கை செயலிழந்த ஒருவர் நம்மைக் கடந்து ஓடினால், “கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, ஓடுவதில் என்ன இடர்ப்பாடு?” என்றே நம்மில் பலர் எண்ணுவோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், கையை இழந்தவர் நெடுந்தொலைவுப் போட்டியின் தொடக்கக் கோட்டில் வந்து நிற்பதற்கு மன உறுதிக்கு அப்பால் எவையெவை தேவைப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கையில்லா ஓட்டத்தின் கணக்கு

நாம் ஓடும்போது இடக்கால் முன்செல்லுகையில் வலக்கை முன்வருகிறது. வலக்கால் முன்செல்லுகையில் இடக்கை. கால்களின் வீச்சால் உடல் திரும்பிவிடாமல் கைகளே ஈடுகட்டுகின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை அளந்து காட்டியது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியவர்களுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடும், தலைமேல் வைத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு ஏறத்தாழ 13 விழுக்காடும் கூடுதல் ஆற்றல் செலவாயிற்று. நூறு மீட்டர் ஓட்டத்தில் இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். 42.195 கிலோமீட்டர் மாரத்தானில், ஒவ்வோர் அடியிலும் செலுத்த வேண்டிய வட்டி இது.

கை இருந்தும் இயங்காதவரின் நிலை இன்னும் கடினம். ஒருவரின் முழுக் கை அவரது உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இருக்கும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்று கிலோ. தசைகள் தாங்கிப் பிடிக்காத அந்தச் சுமை தோள் மூட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளாமல் நெடுந்தொலைவு ஓடுவது அரிது. கட்டினாலோ, கட்டு உராயும்; வியர்வையில் தோல் புண்ணாகும்.

மிதிவண்டியில் சிக்கல் வேறு வகையானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக். அவற்றை இயக்க இரண்டு கைகள். ஒரு கையுடன் ஓட்டுபவர் இரண்டு பிரேக்குகளையும் ஒரே பிடியில் இணைத்துக்கொள்ள வேண்டும். கியர் மாற்றும் விசையையும் அதே பக்கத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டியபடியே தண்ணீர் குடிப்பதுகூடத் தனியே பழக வேண்டிய கலை. நீச்சலிலோ, முன்னோக்கிச் செலுத்தும் விசையின் பெரும்பகுதி கைகளிலிருந்தே பிறக்கிறது. ஒரு கை மட்டும் துடுப்பாகும்போது உடல் ஒரு பக்கமாகத் திரும்பும். காலுதைப்பாலும் இடுப்பின் சுழற்சியாலும் நேர்கோட்டைக் காத்துக்கொள்ள வேண்டும்.

நரம்பின் வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

கை செயலிழப்பதற்கு நம் நாட்டில் இருசக்கர வாகன விபத்து ஒரு முக்கியக் காரணம். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிரிந்து கை முழுவதையும் இயக்குகின்றன. வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் விலகும்போது இந்த நரம்புப் பின்னல் இழுபட்டு அறுந்துவிடக்கூடும். தலைக்கவசம் உயிரைக் காக்கும். இந்த நரம்புகளைக் காக்காது. எலும்பு முறியாமலும் தோலில் காயமின்றியும்கூட ஒரு கை முற்றிலும் ஓய்ந்துபோகலாம்.

இங்குதான் காலம் ஒரு கண்டிப்பான கணக்கராகிறது. அறுந்த நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை எழுபது சென்டிமீட்டர் என்று கொண்டால், அத்தூரத்தைக் கடக்க நரம்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேண்டும். நரம்பின் தொடர்பை இழந்த தசையோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் அது மீளா நிலைக்குச் சென்றுவிடுகிறது. ஆகவேதான், அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர்க்கு விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் அதைச் செய்துவிட மருத்துவர்கள் விரும்புகின்றனர். “தானாகவே சரியாகிவிடும்” என்று ஓராண்டைக் கழித்துவிட்டு வருவோர்க்கு வாய்ப்புகள் பெரிதும் சுருங்கிவிடுகின்றன.

அறுவை முறைகளுள் ஒன்று வியப்பளிப்பது. மூச்சுவிட உதவும் விலா எலும்பிடை நரம்புகளில் சிலவற்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையோடு இணைக்கின்றனர். நரம்பு வளர்ந்து சேர்ந்ததும், தொடக்க மாதங்களில் ஆழ மூச்சிழுத்தால்தான் முழங்கை மடங்கும். பயிற்சியால் மூளை மெல்ல மெல்ல மூச்சையும் கையையும் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. களத்தில் எவரும் காணாத நெடுந்தொலைவுப் போட்டி இது.

கையை முற்றிலும் இழந்தோரை வேறொரு துன்பம் தொடரும். இல்லாத கை வலிக்கும். இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டது போலிருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஓர் எளிய வழியைக் கண்டார். நலமான கையின் பிம்பம், இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு ஒரு கண்ணாடியை நிறுத்தினார். நலமான கையை விரிக்கும்போது, இழந்த கையே விரிவதாக மூளை உணர்ந்தது. பலருக்கு வலி தணிந்தது.

கோலாரிலிருந்து கனடா வரை

பெங்களூருவை அடுத்த கோலாரில், கட்டிக்கொண்டிருந்த தம் வீட்டின் சிமெண்டுச் சுவருக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் விசுவாஸ், மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருந்த கம்பியின் மீது விழுந்தான். காப்பாற்ற ஓடிவந்த தந்தை உயிரிழந்தார். சிறுவனின் இரு கைகளும் அகற்றப்பட்டன. பின்னர் குடும்பம் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வணிகவியல் பயின்று, நீச்சலும் கற்ற கே.எஸ். விசுவாஸ், 2016இல் கனடாவில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு நீச்சல் போட்டியில் மூன்று பதக்கங்களை வென்றார். கைகளே விசை என்று நாம் மேலே குறித்த நீச்சலில், கைகளின்றி வென்ற பதக்கங்கள் அவை.

மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தின் சுயாஷ் ஜாதவும் சிறுவயதில் மின்விபத்தில் இரு முன்கைகளையும் இழந்தவர். 2018இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டுப் போட்டியில் 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவர் தங்கம் வென்றார். 2020இல் அர்ஜுனா விருது பெற்றார். ஈட்டியெறிதலில் 2004இலும் 2016இலும் பாராலிம்பிக் தங்கம் வென்ற இராஜஸ்தானின் தேவேந்திர ஜாஜரியா, எட்டு வயதில் மரமேறியபோது மின்கம்பியைத் தொட்டு இடக்கையை இழந்தவர். மூவருடைய கதையும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: காப்பற்ற மின்கம்பியில்.

விபத்தால் அன்றி, வளர்ச்சியடையாத இடக்கையுடன் பிறந்தவர் பெங்களூருவின் சரத் கெய்க்வாட். 2012 இலண்டன் பாராலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற அவர், 2014இல் இஞ்சியோன் ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டியில் ஆறு பதக்கங்களை வென்றார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் பி.டி. உஷா வென்ற பதக்கங்கள் ஐந்து என்பதை நினைவிற்கொண்டால் அதன் பெருமை விளங்கும்.

இன்னும் நீண்ட தொலைவுகளிலும் சான்றுகள் உண்டு. டோக்கியோ பாராலிம்பிக்கில், கைக் குறைபாடுடையோருக்கான டி46 பிரிவு மாரத்தானைச் சீனாவின் லி சாவ்யான் 2 மணி 25 நிமிடம் 50 நொடிகளில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்திற்கும் குறைவு. பணியிட விபத்தில் வலக்கையை இழந்த ஜப்பானின் சுதோமு நாகாதா வெண்கலம் வென்றார். மின்விபத்தில் வலக்கை முழுவதையும் இடக்கையில் பாதியையும் இழந்த அமெரிக்கர் ஹெக்டர் பிகார்டு, 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, ஒரு முழு மாரத்தான் ஆகியவற்றை ஒரே நாளில் கடக்கும் அயர்ன்மேன் போட்டியை நிறைவு செய்தார். நம் நாட்டின் பிரமோதும் இராகேஷ் பைராவும் 2023இல் ஹாங்சோ ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டியில் டி46 பிரிவு 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளியும் வெண்கலமும் வென்றனர்.

துணையும் பொருளும்

இச்சாதனைகளை மன உறுதியின் வெற்றி என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்வது எளிது. ஆயினும் அது முழு உண்மையன்று. பிரேக்கை மாற்றியமைக்க ஒரு நல்ல பழுதுபார்ப்பாளர் வேண்டும். நீச்சல் உடையை அணிவிக்கவும் காலணிக் கயிற்றைக் கட்டவும் ஒரு துணை வேண்டும். மாற்றுத்திறனாளர் டிரையத்லான் போட்டி விதிகளே, நீச்சலிலிருந்து மிதிவண்டிக்கு மாறும் இடத்தில் உதவியாளருக்கு இடமளிக்கின்றன. தனியொருவர் பெறும் பதக்கத்தில் பலருடைய கைகள் சேர்ந்திருக்கின்றன.

பெங்களூரு இவ்வகையில் பேறு பெற்ற நகரம். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பை என்.எஸ். ஹேமா அம்மையார் 1959இலேயே இங்கு நிறுவினார். இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை, சரத் கெய்க்வாட் போன்ற வீரர்களுக்குத் துணை நின்றது. போட்டியில் இறங்க விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அரசு மருத்துவக் குழு வழங்கும் குறைபாட்டு விழுக்காட்டுச் சான்றிதழ் வேறு. விளையாட்டு அமைப்புகள் செய்யும் வகைப்பாடு வேறு. முன்னது சலுகைகளுக்கும் வேலைவாய்ப்புக்கும், பின்னது களத்திற்கு. இரண்டையும் தனித்தனியே பெற வேண்டும்.

இறுதியாக, பொருள். விபத்துக்குப் பின் வருமானம் நிற்கும்; மருத்துவச் செலவோ நில்லாது. அறுவைச் சிகிச்சைக்குரிய ஆறு மாதங்கள் பணம் திரட்டுவதிலேயே கழிந்துவிட்டால், பின்னர் வரும் உதவியால் பயன் குறைவு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், வங்கிக் கணக்குடைய 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, இரு கைகளும் மீட்க முடியாதவாறு பயனிழந்தாலோ இரண்டு இலட்சம் ரூபாயும், ஒரு கை அவ்வாறு பயனிழந்தால் ஒரு இலட்சம் ரூபாயும் வழங்கப்படும். பெருஞ்செலவுக்கு இத்தொகை போதாது. எனினும் இது ஒரு தொடக்கம். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் தானாகவே பிடித்தம் செய்யப்படுவதால், மே இறுதியில் கணக்கில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம். இத்திட்டத்தில் தாம் சேர்ந்திருப்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பதும் நம் கடமை. அறியாதவர்களால் உரிமை கோர இயலாது.

பணத்தைக் காட்டிலும் மேலானது முன்னெச்சரிக்கை. வீடு கட்டும் இடத்தில் தற்காலிக மின்கம்பிகள் தரையில் கிடக்கலாகா. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது இன்றியமையாதது. மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் முதன்மை இணைப்பை நிறுத்த வேண்டும் என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும்.

நெடுந்தொலைவுப் போட்டிகளில் இறுதிக் கோட்டைத்தான் எல்லாரும் படமெடுக்கின்றனர். கையை இழந்தவருக்கு அரிய தூரம் அதுவன்று. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தொடக்கக் கோடு வரை உள்ள தூரமே அரியது. அத்தூரத்தில் ஓடுபவர் அவர் ஒருவரே. ஆனால் அந்தச் சாலையைச் செப்பனிட்டு வைப்பது நம் அனைவருடைய வேலை.