சோழபுரத்து விமானம் நகரவில்லை

பெரம்பலூரில் பஸ் ஏறினால் அரியலூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சர்வே ஆஃப் இந்தியாவின் கணக்கில் இரண்டும் வெவ்வேறு தாள்கள். 79 பாகைத் தீர்க்கரேகை நடுவே ஓடுவதால் பெரம்பலூர் 58 ஐ தொகுதியிலும் அரியலூர் 58 எம் தொகுதியிலும் விழுந்துவிட்டன. பழைய தாள்களை ஸ்கேன் செய்து அருகருகே வைத்தால் ஒட்டாது. வெள்ளை விளிம்பு குறுக்கே நிற்கும். சுருங்கிய காகிதம் கோணலாகக் கிடக்கும். கணினிக்கு அவை வெறும் படங்கள்.

எது எந்த ஊர் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் ஜியோரெஃபரன்சிங். படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தர வேண்டும். மூன்று புள்ளிகள் கிடைத்தாலே படத்தைத் திருப்பி, இழுத்து, சாய்த்துப் பொருத்திவிடலாம். ஆனால் மூன்றோடு நிறுத்தினால், புள்ளி தப்பாக இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்தியதுபோலவே காட்டும். குட்டு உடைய நான்காவது புள்ளி வேண்டும்.

புள்ளிக்கு ஏரித் தண்ணீரின் விளிம்பு ஆகாது. மழைக்கு மழை அது மாறும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில் விமானம் உத்தமம். ரஞ்சன்குடிக் கோட்டையின் மூலையும் பரவாயில்லை.

தாளில் அச்சிட்ட ரேகைகளையே நம்பலாமே என்று தோன்றும். அங்கேதான் பொறி. 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை நுட்பமானதுதான். ஆனால் கிரீன்விச்சிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்ற கணக்கில் சிறு பிழை இருந்தது. அதனால் பழைய இந்தியத் தாள்கள் பலவற்றில் தீர்க்கரேகையை சுமார் இரண்டரை நிமிடம் திருத்த வேண்டும். அரியலூர்ப் பக்கம் அது நாலு கிலோமீட்டருக்கு மேல்!

தாள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அடுத்த சிக்கல், அவற்றைத் திரையில் காட்டுவது. ஒவ்வொரு படத்தையும் பெரும்பாலும் 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக, பல அளவுகளில் வெட்டி வைப்பார்கள். திரைக்குத் தேவையான துண்டுகள் மட்டுமே இறங்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடத்தை மெல்ல மங்கவைத்து, அடியில் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கலாம்.

இப்படி இன்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊரில் முதலில் எடுக்க வேண்டியது நிலவியலாளர் பிளான்ஃபோர்டின் வேலை. இந்தப் பகுதியின் கிரிட்டேசியஸ் காலத்துப் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பிரித்து 1862இல் வெளியிட்டவர் அவர். அவர் வகுத்த அரியலூர்ப் பாறைப் பரப்பை இன்றைய படத்தின் மேல் விரித்தால், பல இடங்களில் அடியில் தெரிவது சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் குழி. அவர் பார்த்த பாறை அங்கே இல்லை.